பின்சக்கர ட்யூப் சொன்ன சாட்சி: கேப் டவுன் முதல் சானி கணவாய் வரை ஒரு தனி பைக் பயணம்

தென்னாப்பிரிக்காவின் மேற்கில் சீரஸ் என்ற ஊரிலிருந்து கால்வீனியா என்ற ஊருக்கு ஆர்355 என்றொரு சாலை போகிறது. நீளம் சுமார் 250 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை. நடுவில் ஓர் ஊர் கிடையாது. பெரும்பாலான தூரத்துக்குச் செல்போன் சிக்னலும் கிடையாது. டாங்க்வா காரூ எனப்படும் அந்த வறண்ட சமவெளியில் சாலை முழுக்கக் களிப்பாறை உடைந்த சில்லுகள் கிடக்கும். விளிம்பில் விரலை ஓட்டினால் கீறும். டயரைத் தின்கிற சாலை என்று அந்த நாட்டு பைக்காரர்கள் மத்தியில் இதற்குப் பெயர்.

கேப் டவுனில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர், ஓர் அக்டோபரில் இந்தச் சாலை வழியாகத் தொடங்கி, கிழக்கே டிராக்கென்ஸ்பர்க் மலையில் லெசோத்தோ நாட்டு எல்லையில் இருக்கும் சானி கணவாய் வரை தனியாக பைக்கில் போனார். மொத்தம் சுமார் 2,000 கிலோமீட்டர். முதல் நாளே ஆர்355 நடுவில் பின்சக்கரம் பஞ்சர். கல் கிழித்துவிட்டது என்றார். கேட்டவர்கள் எல்லோரும், அந்த ரோடு அப்படித்தான் என்று தலையாட்டினார்கள். நான் ட்யூபைப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டயரில் காற்றைக் குறைத்ததும், கேப் டவுனிலிருந்து புறப்பட்ட நேரமும் சேர்ந்துதான் அவரை ரோட்டில் உட்கார வைத்தன என்பது என் முடிவு. அவருடைய குறிப்பேடு, பைக்கின் ஜிபிஎஸ் பதிவு, அவர் எடுத்த படங்கள், அப்புறம் அந்த ட்யூப் ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன்.

வண்டியும் சுமையும்

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவாகி அங்கே கப்பலேறிப் போனது. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 17. இரண்டும் ஸ்போக்ஸ் வைத்தவை, உள்ளே ட்யூப். டேங்க் 15 லிட்டர். தார்ச்சாலையில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்தது. சரளையில் எதிர்காற்றோடு 25 என்று வைத்தாலும் 375 கிலோமீட்டர் வரும். ஆக, சீரஸில் டேங்க்கை நிரப்பினால் கால்வீனியா வரை பெட்ரோல் ஒரு கவலையே இல்லை.

ஆனாலும் அவர் கவலைப்பட்டது பெட்ரோலுக்குத்தான். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நிரப்பிப் பின்சீட்டில் கட்டிக்கொண்டார். தண்ணீர்? ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று. தனியாகப் போகிற பலரிடம் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். வண்டி நின்றுபோவதை யோசிக்கிற அளவுக்கு, நின்ற வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பதை யாரும் யோசிப்பதில்லை. அந்தக் கேன், இரண்டு பக்கப் பைகள், கூடாரம், கருவிப் பை என எல்லாமே பின்சக்கரத்தின் தலையில்தான் ஏறி உட்கார்ந்தன. இது பின்னால் முக்கியமாகிறது.

மாற்று ட்யூப் இரண்டு வைத்திருந்தார், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. டயர் லீவர் மூன்று, பேட்ச், சொல்யூஷன், கையால் அடிக்கும் பம்ப். இந்தப் பட்டியலில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாள்

சாமான்களைக் கட்டி முடித்துக் கேப் டவுனை விட்டுக் கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பெயின்ஸ்குளூஃப் கணவாய் வழியாகப் போனார். சாலைப் பொறியாளர் ஆண்ட்ரூ பெயின் போட்டு 1853-ல் திறந்த பழைய மலைப்பாதை அது. படம் எடுக்க நின்று நின்று போயிருக்கிறார். சீரஸில் சாப்பாடு. பெட்ரோல் பங்க்கில் வேலை செய்பவரும் பக்கத்தில் நின்ற பிக்கப் வண்டிக்காரரும் ஒரே அறிவுரையைச் சொன்னார்கள்: டாங்க்வாவுக்குப் போகிறாயா, காற்றைக் குறை, சில்லு குத்தாது. அவர் பின்சக்கரத்தின் காற்றழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினார்.

காரூபோர்ட் தாண்டிச் சரளையில் ஏறும்போது மதியம் ஒன்றரை. இந்தச் சாலையில் குறுக்கே வரிவரியாக மேடு எழும்பியிருக்கும். நாற்பதில் போனால் பல் ஆடும். எழுபது எண்பதில் போனால் சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு மிதந்து போகும், உடம்புக்குச் சுகம். ஆகவே எல்லோரும் வேகத்தைக் கூட்டுவார்கள். ஜிபிஎஸ் பதிவில் அவருடைய வேகம் மெல்ல மெல்ல ஏறுவது தெரிகிறது: முதல் அரைமணி நேரம் அறுபதை ஒட்டி, அப்புறம் எழுபது, மூன்று மணிக்கு மேல் எண்பத்திரண்டு வரை. இருட்டுவதற்குள் கால்வீனியா சேர வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கோட்டில் அப்படியே இருக்கிறது.

மூன்றரை மணிக்கு, சீரஸிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில், பின்பக்கம் மீன் வால்போல ஆட ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டு, நேராகவே ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறார். விழவில்லை. அந்த நாள் முழுவதிலும் மிகச் சரியாகச் செய்த காரியம் அதுதான்.

ட்யூப்

பயணம் முடிந்து சில வாரம் கழித்து அவர் அந்தப் பழைய ட்யூபைப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்தவுடன் கூப்பிட்டேன்.

“தம்பி, இதுல ரெண்டு ஓட்டை இருக்கே?”

“ஆமாண்ணே. கல்லு ரெண்டு எடத்துல குத்தியிருக்கு போல.”

“ஒரே நேரத்துல, பக்கத்துப் பக்கத்துல, ஒரே நீளத்துக்கா? சரி, டயருக்கு உள்ளே கையை விட்டுத் தடவிப் பாத்தியா?”

“பாத்தேண்ணே. ஒண்ணும் கைல படல. வெளியேயும் வெட்டு இல்ல. கல்லு குத்திட்டுக் கீழ விழுந்திருக்கும்னு நெனச்சேன்.”

கல் ட்யூபைக் குத்த வேண்டுமானால் முதலில் டயரைத் துளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். டயரில் துளை இல்லை. ட்யூபிலோ ஒரு விரல் அகல இடைவெளியில் இரண்டு இணையான கீறல்கள், ஒவ்வொன்றும் நெல்மணி நீளம். இதைப் பாம்புக் கடி என்று சொல்வார்கள். காற்று குறைவான டயர் வேகமாக ஒரு கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதும்போது முழுவதும் அமுங்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கும். மடிந்த ட்யூப் ஒரே நசுக்கில் இரண்டு இடத்தில் கிழியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ரிம் விளிம்பில் சின்னதாக ஒரு நசுங்கலும் தெரிந்தது. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

சீரஸில் சொன்ன அறிவுரை தவறா? பிக்கப் வண்டிக்கு அது சரி. அகலமான டயர், ட்யூப் இல்லாதது, பாரம் நான்கு சக்கரத்தில் பிரிகிறது. காற்றைக் குறைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும், குத்து குறையும். பைக்கில் ஒல்லியான டயர், உள்ளே ட்யூப், பாரமோ பின்னால் குவிந்திருக்கிறது. இங்கே காற்றைக் குறைத்தால் ஒரு ஆபத்தைத் தவிர்த்து வேறொன்றை வரவழைக்கிறோம். சரளையில் பிடிப்பு வேண்டும் என்று கொஞ்சம் குறைப்பது உண்டு, நானும் குறைப்பேன். ஆனால் குறைத்த காற்றோடு வேகத்தையும் கூட்டக்கூடாது. அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. மோதலின் ஆற்றல் எழுபத்தெட்டு சதவீதம் கூடுகிறது. 18 பி.எஸ்.ஐ.யில் அறுபதில் போயிருந்தால் அந்த ட்யூப் பிழைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எண்பதில் ஏன் போனார்? பொழுது போய்க்கொண்டிருந்தது. பொழுது ஏன் போயிற்று? பத்து மணிக்குக் கிளம்பினார். இரண்டு கேள்வியில் விஷயம் கேப் டவுன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. கல்லின் மேல் பழியைப் போட்டிருந்தால் இந்த இரண்டு கேள்வியும் வந்திருக்காது. பேர்போன சாலைகளில் இதுதான் தொந்தரவு. நடப்பதற்கெல்லாம் காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

தனியாகச் சக்கரம் கழற்றுவது

இரண்டு பேர் இருந்தால் பின்சக்கர பஞ்சர் முக்கால் மணி நேர வேலை. அவருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. காரணங்களைப் பார்த்தால் எதுவும் பெரிய விஷயமில்லை.

சென்டர் ஸ்டாண்ட் சரளையில் புதைந்தது. சுமையை எல்லாம் இறக்கி, தட்டையான களிப்பாறைப் பலகை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் போட வேண்டியிருந்தது. அந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆக்ஸில் நட்டு, செயின், சக்கரம் வெளியே வரும்வரை சிக்கல் இல்லை. டயரை ரிம்மிலிருந்து பெயர்ப்பதில்தான் மாட்டிக்கொண்டார். கூட இன்னொரு பைக் இருந்தால் அதன் சைடு ஸ்டாண்டை டயர் மேல் வைத்து அழுத்துவார்கள். தனியாளுக்கு அந்த வசதி இல்லை. குதிகாலால் மிதித்து மிதித்து, கடைசியில் இரண்டு லீவரை எதிரெதிராகக் கோத்துத்தான் பெயர்த்தார்.

புது ட்யூபைப் போட்டு டயரைத் திரும்ப ஏற்றும்போது, கடைசி நாலு அங்குலம் இறுகிக்கொண்டது. அந்த இடத்தில் பலத்தைக் காட்டக்கூடாது. எதிர்ப்பக்க டயரை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி வைத்துக்கொண்டால் இந்தப் பக்கம் தானாகத் தளரும். பஞ்சர் கடைப் பையன்கள் பேசிக்கொண்டே செய்வதைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். அவர் லீவரை நெம்பினார். லீவர் நுனி புது ட்யூபைக் கடித்துவிட்டது. காற்று அடித்தபிறகுதான் தெரிந்தது.

மறுபடி பெயர்ப்பு. இம்முறை பேட்ச் போட்டுப் பார்த்தார். தூசியும் வியர்வையும் கலந்த கையோடு, ரப்பரைச் சரியாகத் தேய்க்காமல், சொல்யூஷன் காய்வதற்குள் ஒட்டினார். பேட்ச் நிற்கவில்லை. அப்புறம்தான் முன்சக்கர ட்யூபின் ஞாபகம் வந்திருக்கிறது. 21 அங்குல ட்யூபை அவசரத்துக்குப் பின்சக்கரத்தில் திணிக்கலாம். நீளம் அதிகம், அகலம் குறைவு, மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேகமாகப் போகக்கூடாது. இது தெரிந்த பைக்காரர்கள் பலர் 21 அங்குல ட்யூப் மட்டுமே எடுத்துப் போவார்கள். டயர் விளிம்பு வழுக்கி உட்கார ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துத் தடவினார். தண்ணீர் அந்நேரம் கால் பாட்டில்தான் மீதி.

இதற்கு நடுவே அந்த வழியாக வந்தவை இரண்டே வண்டிகள். முதலாவது நின்றது, இருந்தவர்களுக்கு பைக் பற்றித் தெரியாது, அடுத்து வரும் பண்ணையில் சொல்கிறோம் என்று போனார்கள். சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் பிக்கப்பில் தேடிக்கொண்டு வந்தார். முதலில் கேட்டது தண்ணீர் இருக்கிறதா என்று. இரண்டாவதாகக் கேட்டது, நீ இன்று கால்வீனியா வருகிறாய் என்று அங்கே யாருக்காவது தெரியுமா என்று. யாருக்கும் தெரியாது, தங்கும் இடத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். பண்ணைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம், தலையை மட்டும் ஆட்டினாராம். அன்று இரவு பண்ணையில் படுக்கை. மறுநாள் காலை ஐம்பதுக்கு மேல் போகாமல் கால்வீனியா வரை அந்த முன்சக்கர ட்யூபே தாங்கியது. அங்கே ட்ராக்டர் டயர் பார்க்கிற கடையில் லீவர் கடித்த புது ட்யூபைச் சுத்தமாக பேட்ச் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பண்ணைக்காரர் கேட்ட இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. காரூவில் பண்ணைக்கும் பண்ணைக்கும் இருபது முப்பது கிலோமீட்டர் இருக்கும். யார் எங்கே கிளம்பினார், எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்லி வைத்துக்கொள்வதுதான் அவர்களின் பாதுகாப்பு. 112 என்ற அவசர எண் நல்ல எண்தான், சிக்னல் இருந்தால். மறுநாளிலிருந்து நம் நண்பர் கிளம்பும் முன் அடுத்த தங்குமிடத்துக்குப் போன் செய்து, இத்தனை மணிக்குள் வராவிட்டால் இந்த வழியில் தேடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காசு செலவில்லாத ஏற்பாடு.

கிழக்கே போகப் போக

நடுப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அங்கே தப்பாக எதுவும் நடக்கவில்லை. கால்வீனியாவிலிருந்து மிடில்போஸ் வழியாகச் சதர்லாண்ட். 2005-ல் தொடங்கப்பட்ட சால்ட் என்ற பெரிய வானியல் தொலைநோக்கி இருக்கும் ஊர். 91 அறுகோணக் கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த பிரதான ஆடி. நாட்டின் மிகக் குளிரான ஊர்களில் ஒன்று, அக்டோபரிலும் காலையில் கையுறைக்கு மேல் கையுறை போட்டிருக்கிறார். பிறகு ஃப்ரேசர்பர்க், டீகுளூஃப் கணவாய் இறங்கி லீயு-காம்கா, பிரின்ஸ் ஆல்பர்ட். அங்கிருந்து ஸ்வார்ட்பெர்க் கணவாய். ஆண்ட்ரூ பெயினின் மகன் தாமஸ் பெயின், கைதிகளின் உழைப்பில் முடித்து 1888-ல் திறந்தது. உச்சி 1,583 மீட்டர். சாலையைத் தாங்கி நிற்பவை சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள், இன்னும் அப்படியே நிற்கின்றன. தார் போடாத பாதை, கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் காலை ஏழரைக்கு ஏறினார், பின்சக்கரத்தில் 28 பி.எஸ்.ஐ., அந்த ஐந்து லிட்டர் கேனும் இல்லை. கூர்மையில் டாங்க்வாவுக்குக் குறையாத கற்கள் இங்கேயும் இருந்தன. பஞ்சர் இல்லை.

கிராஃப்-ரெய்னெட், நியூ பெதெஸ்டா, கிராடாக் தாண்டி மேட்டுநிலத்தில் ஏறியதும் வேறு இரண்டு விஷயங்கள் வந்து சேர்ந்தன. இவற்றை வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்று மழை. கேப் டவுன் பக்கம் குளிர்கால மழை, அக்டோபரில் ஓய்ந்திருக்கும். கிழக்கு மலைகளில் கோடைகால மழை, அக்டோபரில்தான் தொடங்கும். காலையில் வானம் துடைத்து வைத்திருக்கும், மதியத்துக்கு மேல் இடி. ஒரே பயணத்தில் ஒரு பருவத்தின் வாலிலிருந்து இன்னொன்றின் தலைக்குப் போகிறோம்.

இன்னொன்று சூரியன். நாடு முழுக்க ஒரே நேரக் கணக்கு. கேப் டவுன் கிழக்குத் தீர்க்கரேகை பதினெட்டரை பாகையில், சானி கணவாய் அடிவாரம் இருபத்தொன்பதரையில். அக்டோபர் நடுவில் கேப் டவுனில் சூரியன் மறைவது கிட்டத்தட்ட ஏழு மணிக்கு; அதே தேதியில் கிழக்கில் ஆறு மணியைத் தாண்டிச் சில நிமிடத்தில். பயணத்தின் தொடக்கத்தில் பழகிய மாலை, கடைசியில் முக்கால் மணி நேரம் சுருங்கிவிடுகிறது. ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று பழகிய உடம்புக்கு இது சட்டென்று பிடிபடாது.

ரோட்ஸ் கிராமத்திலிருந்து நோடேஸ் நெக் கணவாய்க்குக் காலையிலேயே கிளம்பினார். உச்சி 2,500 மீட்டருக்கு மேல். இருந்தும் உச்சியைத் தாண்டி இறங்கும்போது இடிமழை பிடித்துக்கொண்டது. காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் சோப்பு, அப்படி ஒரு களிமண். மரமில்லாத திறந்த மேட்டில் மின்னலுக்கு உயரமான பொருளாக அவர்தான் இருந்தார். தாழ்வான வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தி, அதைவிட்டுத் தள்ளிப் போய்க் குந்திக்கொண்டு, மழை விட்டபிறகு முதல் கியரிலேயே இறங்கினார். மக்லியர் வந்தபோது நாலரை.

திட்டப்படி அன்றே மடாடியெலி போக வேண்டும். நல்ல தார்ச்சாலை, கைகால் சோர்வு இருந்தாலும் போய்விடலாம் போலத் தோன்றும் தூரம். தங்குமிடத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. அவர் போகவில்லை. போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு மக்லியரிலேயே அறை எடுத்தார். இது வீண் பயம் என்று பின்னால் அவருக்கே தோன்றியிருக்கிறது, பணம் போனதில் வருத்தமும் உண்டு. என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் ஆகச் சிறந்த முடிவு அதுதான். மறுநாள் காலை அதே சாலையில் அவர் எடுத்த படங்களில் மாடு, ஆடு, குதிரை எல்லாம் தார்மேல் நிற்கின்றன. நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கென ஒதுக்கியிருந்த பழைய டிரான்ஸ்கை பகுதியில் காரூவைப் போலச் சாலையோரம் வேலி கிடையாது. இரவில் தார் சூடாக இருக்கும், மாடு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு, கறுப்புத் தார், பைக்கின் ஒற்றை விளக்கு.

சானி கணவாய் அடிவாரத்துக்கு ஒரு மதியம் இரண்டரைக்கு வந்தார். உச்சி 2,876 மீட்டர். தென்னாப்பிரிக்கப் பக்கம் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை மட்டுமே விடுவார்கள், பைக்குக்கு அனுமதி உண்டு. எல்லைச் சாவடி காலை ஆறுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும். மேலே மேகம் சூழ ஆரம்பித்திருந்தது. பக்கத்து ஊரான அண்டர்பர்க்குக்குத் திரும்பி, மறுநாள் சாவடி திறந்தவுடன் ஏறினார். உச்சிக்கு அருகில் உதிரிக் கல் குவிந்த வளைவுகளில் இருமுறை கால் ஊன்றினார், ஒருமுறை வண்டியைச் சாய்த்துவிட்டார். பின்னால் வந்த வழிகாட்டி வண்டிக்காரர் ஒருவர் இறங்கித் தூக்கிவிட்டார். ஒன்பதுக்குள் மேலே.

இப்போது அவர் அடுத்த பயணத்துக்கு ட்யூப் இல்லாத சக்கரமாக மாற்றப் பார்க்கிறார். ஸ்போக்ஸ் சக்கரத்தை உள்ளே ஒட்டி அடைத்து மாற்றித் தருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், பஞ்சர் ஆனால் வெளியிலிருந்தே அடைப்பைச் செருகிவிடலாம் என்கிறார். நியாயம்தான். ஆனால் நசுங்கிய ரிம்மில் ட்யூப் இல்லாத டயர் காற்றைப் பிடித்து வைக்காது, 18 பி.எஸ்.ஐ.யில் எண்பதில் போனால் ரிம் நசுங்கத்தான் செய்யும். அதனால் உள்ளே போட ஒரு 21 அங்குல ட்யூபையும் மூன்று லீவரையும் விடாமல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் ஐந்து லிட்டர் என்பதில் இருவருக்கும் சம்மதம். பின்சக்கரக் காற்று 26 போதும் என்கிறார் அவர், சுமையோடு 28-க்குக் கீழே இறங்கக்கூடாது என்கிறேன் நான். அது இன்னும் தீரவில்லை.